எந்தக் கீறல்?

“ஒரு கீறல்கூட விழக் கூடாது” என்று நாகலட்சுமி டீச்சர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொன்னது என் மகள் சுமித்ராவிடம். ஆனால் பார்வை என்மேல் விழுந்த மாதிரி எனக்குப் பட்டது. மலைக்காரர்கள் வீட்டுக்குப் போன பொருள் முழுசாகத் திரும்பாது என்று நினைக்கிறாராக்கும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். எனக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை. முதலில் கோபம் வந்துவிடும், காரணத்தைப் பிறகு தேடிக்கொள்வேன்.

நியாயமாகப் பார்த்தால் அவர் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. அது பள்ளிக்கூடத்துச் சைக்கிள் அல்ல, டீச்சருடைய சொந்தச் சைக்கிள். துறையூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் மலைமேல் இருக்கிற செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக வந்தவர். காலேஜில் படிக்கும்போது அந்தச் சைக்கிளில்தான் பந்தயம் ஓட்டினாராம். வான நீல நிறம், அலுமினியம், ஒரு கையால் தூக்கிவிடலாம். பிளஸ் டூ படிக்கிற என் பெண் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள் என்று நம்பிக் கொடுத்தார். ஜெயித்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட்டு கிடைக்க வழி உண்டு என்றார். மிளகையும் மரவள்ளியையும் நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அதைவிடப் பெரிய வார்த்தை வேறென்ன இருக்கிறது?

அந்தச் சைக்கிளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தோம். ராத்திரி சுமித்ராவின் கட்டிலை ஒட்டித்தான் நிற்கும். அவள் அப்பா அதற்குத் தன் பழைய வேட்டியைப் போர்த்திவிடுவார். நான் துடைப்பம் எடுத்தால்கூட அந்தப் பக்கம் மெதுவாகத்தான் கூட்டுவேன்.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனவள் இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். கேட்டதற்கு, “செயின் கழண்டுருச்சும்மா” என்றாள். வெள்ளிக்கிழமை செம்மேட்டில் பொட்டு வாங்கி வரச் சொன்னால், நீல நிற நகப்பூச்சு வாங்கி வந்தாள். பொட்டு வாங்க மறந்துபோனதாம். விடுவேனா? “படிக்கிற புள்ளைக்கு நகத்துல என்னடி நீலம்?” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் நகத்தில் நீலமே இல்லை என்பதைக் கவனிக்கிற பொறுமை எனக்கு இல்லை. பனிக்காக ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மாசி மாசத்து மலைக் குளிரில் யார்தான் போடவில்லை?

சனிக்கிழமை அவளுக்குச் செம்மேட்டில் ஸ்பெஷல் கிளாஸ், பஸ்ஸில் போயிருந்தாள். அவள் அப்பா காட்டுக்குப் போய்விட்டார். நான் மிளகு காயப்போட வேண்டும் என்று வீட்டுக்குள் ஈரமாகக் கிடந்த சாக்கை எல்லாம் வாசலுக்கு இழுத்தேன். வழியில் சைக்கிள் இடைஞ்சலாக இருந்தது. வெளியே தூக்கி வந்து சுவரோரம் சாய்த்துவைத்தேன். அதே சுவரில்தான் மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியும் சாய்ந்திருந்தது. சாக்கை உதறியபோது அதன் நுனி ஏணியில் பட்டிருக்க வேண்டும். சரசரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஏணி சரிந்து சைக்கிள்மேல் விழுந்துகிடந்தது.

ஏணியைத் தூக்கிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் சரிவாக இறங்குகிற அந்தப் பெரிய குழாயில், விரல் நீளத்துக்கு நீலம் பெயர்ந்து போயிருந்தது. நடுவில் ஒரு கோடு. நெஞ்சுக்குள் டீச்சரின் குரல்தான்: ஒரு கீறல்கூட விழக் கூடாது.

பலா மரத்தடியில் நின்றால்தான் எங்கள் வீட்டில் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே ஓடி, செம்மேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சதீஷ்குமாரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, சைக்கிள்ல ஒரு கீறல் விழுந்துருச்சு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணோணும்.”

“கீறல்தானுங்களே அக்கா? இதுக்கா இப்படிப் பதறுறீங்க? கலருக்குத் தோதா பெயிண்ட் அடிச்சுட்டாத் தீந்தது. பேந்து வந்த பெயிண்ட்ல ஒரு துணுக்கு எடுத்துட்டு வாங்க, பாத்துத் தாரேன்.”

அரிசியளவு இருந்த ஒரு நீலத் துணுக்கைக் காகிதத்தில் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தேன். செம்மேட்டில் இறங்கியதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். சுமித்ராவோ அவளுடைய சிநேகிதிகளோ கண்ணில் பட்டுவிடக் கூடாதே. பெற்ற மகளுக்குப் பயந்து திருடி மாதிரி கடை கடையாக ஒதுங்கி நடந்தது அன்றைக்குத்தான். தாலுகா ஆபீஸுக்கு வந்த எங்கள் ஊர்ப் பாப்பாயி, “ஏன் சுகுணா, சந்தை நாள்கூட இல்லையே?” என்றாள். பல்வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

சதீஷ்குமார் ஒரு பஞ்சரை ஒட்டிக்கொண்டே துணுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஏனுங்கக்கா, இதுல ரெண்டு நீலம் இருக்குதே? மேல ஒண்ணு, அடியில ஒண்ணு.”

“ரெண்டோ மூணோ, எனக்குத் தெரியாது தம்பி. பாத்தா வித்தியாசம் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.”

“அடியில இருக்கறதுதான் கம்பெனி கலரு. அதுக்கே தாரேன்.” ஒரு சின்ன ஸ்பிரே டப்பாவையும் இரண்டு உப்புத்தாளையும் கொடுத்தான். “தாளைத் தண்ணியில நனச்சு மெதுவாத் தேயுங்க. கோடு மறையற வரைக்கும் தேய்க்கோணும். கோடு போனதுக்கப்பறந்தான் பெயிண்ட். ஒரே தடவையில அப்பீறாதீங்க, வழிஞ்சுரும். லேசா அடிச்சு, காயவிட்டு, மறுக்கா அடிங்க.”

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஐந்து மணிக்குச் சுமித்ரா வந்துவிடுவாள். செய்தித்தாளைக் கிழித்து அந்த இடத்தைச் சுற்றி ஒட்டினேன். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். மேலாக இருந்த நீலம் ஒரு மாதிரி பிசுபிசுவென்று உருண்டு வந்தது. அடியில் இருந்த நீலம் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று அலுமினியம் தெரிந்தது. ஆனால் அந்தக் கோடு மட்டும் போகவில்லை. தலைமுடி அளவுதான் இருக்கும், கறுப்பாக, குழாயின் அடிப்பக்கத்துக்குப் போய் மறைந்தது.

மறுபடி தேய்த்தேன். தோள்பட்டை இற்றுப்போனது. கோடு அப்படியே இருந்தது. உள்ளே அழுக்கு ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மணி இரண்டே முக்கால். இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தால் பெயிண்ட் எப்போது காய்வது? கோடு போன பிறகுதான் அடிக்க வேண்டும் என்று அவன் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் டப்பாவைக் குலுக்கினேன்.

இரண்டு முறை அடித்ததும் கோடு மறைந்துவிட்டது. மூன்றாவது முறைக்கு, அங்கே ஒன்று இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு, விசிறியால் விசிறிக் காய வைத்து, பழையபடி கட்டிலோரம் நிறுத்தி வேட்டியைப் போர்த்தினேன். பெயிண்ட் வாசனை வீடு முழுக்க அடித்தது. அதை அமுக்குவதற்காக வரமிளகாயை அள்ளிப் போட்டு வறுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய வறுத்தேன்.

சுமித்ரா இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராகச் சைக்கிளிடம் போனாள். வேட்டியை விலக்கிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். எங்கே பார்க்கக் கூடாதோ அங்கேயே பார்த்தாள். அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு தடவு தடவினாள். பிறகு திரும்பி என் கையைப் பார்த்தாள். என் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது மிளகாய் நெடியால்தான் என்று நினைத்தேன். அன்று அவளை நான் எதற்குமே திட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எனக்கு. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. சீக்கிரமே படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையிறங்குகிற பயிற்சி. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் காரவள்ளிக்குப் போக வேண்டும். டீச்சர் ஏழு மணிக்கு அங்கே காத்திருப்பார். பிறகு அவர் ஸ்கூட்டரில் பின்னால் வர, இவள் அத்தனை வளைவும் திரும்ப மிதித்து ஏற வேண்டும். ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். வாசல் தாண்டியவள் நின்று திரும்பி, “அம்மா, போயிட்டு வாரேன்” என்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. “பாத்துப் போ கண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மணிவாக்கில் மண்சட்டியில் சோற்றுக்கு உலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு உஸ் உஸ் என்றது. ஊதினேன், மறுபடி உஸ். பல் விளக்கிக்கொண்டிருந்த அவர் எட்டிப் பார்த்தார்.

“சட்டி ஒழுகுது பாரு. கீறல் விட்டிருக்குது.”

“எங்கீங்க? ஒண்ணும் தெரியலையே.”

“அடியில பாரு புள்ள. முடியாட்டம் ஒரு கோடு.”

சட்டியை இறக்கிச் சாய்த்தேன். முடியாட்டம் ஒரு கோடு. கறுப்பாக, வளைந்து அடிப்பக்கத்துக்குப் போய் மறைந்தது. தேய்த்தால் போகாத கோடு.

என் கையிலிருந்து சட்டி விழுந்து உடைந்தது. கீறல் என்று நான் சதீஷ்குமாரிடம் சொன்னேன். அவன் எந்தக் கீறலை நினைத்தான்? பெயிண்டில் விழுகிற கீறலை. நானும் அதையேதான் நினைத்தேன். சுவர் கீறல் விடுகிறது, சட்டி கீறல் விடுகிறது. இரும்பும் அலுமினியமும் மட்டும் விடாதா? அந்தக் கோட்டை என் கையாலேயே மூடி, மூன்று முறை பெயிண்ட் அடித்து அழகு பார்த்து, அதன்மேல் பெற்ற பிள்ளையை ஏற்றி மலையிறக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

பலா மரத்தடிக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. சுமித்ராவிடம் போன் இல்லை, இருந்தாலும் மலைச்சாலையில் டவர் எடுக்காது. டீச்சரைக் கூப்பிட்டேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை, அதற்குள் காரவள்ளிக்கு வந்துவிட்டிருந்தவர், எடுத்தார்.

“டீச்சர், சுமித்ராவை நிறுத்துங்க. சைக்கிள்ல கீறலுங்க டீச்சர். நான்தான் நேத்து ஏணியைப் போட்டுட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

டீச்சர் சிரித்தார். “அட, இதுக்கா அழறீங்க? கீறல்தானே அக்கா, பரவாயில்லை விடுங்க. பெயிண்ட் அடிச்சுக்கலாம்.”

“பெயிண்ட் அடிச்சுட்டேனுங்க டீச்சர்!”

“அப்புறம் என்ன?”

எனக்கு வார்த்தை சிக்கவில்லை. தாய்மொழியில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போன நாள் அது. தொண்டை கிழியக் கத்தினேன்.

“அந்தக் கீறல் இல்லீங்க டீச்சர்! சட்டிக் கீறலுங்க! ஒழுகற சட்டியில இருக்குமே, அந்தக் கீறலுங்க! தேய்ச்சும் போகலீங்க!”

மறுமுனையில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

என் வீட்டுக்காரருடைய மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஏணி, உப்புத்தாள், பெயிண்ட், மிளகாய் எல்லாம். அவர் வண்டியை முறுக்கினார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் வண்டியை விரட்டி அன்றுதான் பார்த்தேன். செம்மேடு, சோளக்காடு எல்லாம் பனிக்குள் வந்தன, போயின. பிறகு வளைவுகள் ஆரம்பித்தன.

ஒவ்வொரு வளைவிலும் முதலில் ஓரத்துச் சுவரைப் பார்த்தேன். பிறகு சுவருக்குக் கீழே பார்த்தேன். நீலமாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வளைவில் நீலமாகக் கண்ணில் பட்டு, “ஐயோ, நிறுத்துங்க” என்று அலறிவிட்டேன். யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. அதற்கப்புறம் எனக்கு அழுகைகூட வரவில்லை. அறப்பளீஸ்வரா, எட்டுக்கை அம்மா என்று வாய் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என் கண் வளைவு எண் எழுதிய பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்று. அறுபது. ஐம்பத்தொன்பது.

நாற்பத்து நான்காவது வளைவில் டீச்சரின் ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. சைக்கிள் தரையில் கிடந்தது. சுவர்மேல் சுமித்ரா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள், அது போதும். வண்டி நிற்பதற்குள் குதித்ததில் எனக்குத்தான் முழங்காலில் அடி.

“பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு நடைவேகத்துலதான் வந்துட்டிருந்தா” என்றார் டீச்சர். “அதனால தப்பிச்சோம்.” “எந்த இடம்னு காட்டுங்க அக்கா.”

நான் காட்டினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. டீச்சர் ஸ்கூட்டர் சாவியை உருவி, அவருடைய சைக்கிளை அவரே சுரண்டினார். ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று சொன்னவர், நீலம் உதிர உதிரக் கீறித் தள்ளினார். கோடு வெளியே வந்தது. கட்டைவிரல் நகத்தை அதன் குறுக்கே வைத்து இழுத்தார். நகம் மாட்டிக்கொண்டது. குழாயைத் திருப்பினார். அடிப்பக்கம் பாதிச் சுற்றுக்கு அந்தக் கோடு ஓடியிருந்தது. ஹேண்டிலைப் பிடித்து லேசாக அழுத்தியதும் கோடு வாய் திறந்தது.

கீழே பனி நகர்ந்து, அடுத்த வளைவும் அதற்கடுத்த வளைவும் தெரிந்தன.

“டீச்சர், எம் மேலதான் தப்புங்க” என்றேன். “ஏணியை நான்தான்…”

“மூங்கில் ஏணி விழுந்து அலுமினியம் இப்படிக் கீறல் விடாதுங்கக்கா. இது பெரிய அடி. எங்கயோ வேகமா மோதியிருக்கணும்.”

நான் சுமித்ராவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை பாலத்துக் கட்டையில மோதி விழுந்துட்டேன்மா” என்றாள். “பெயிண்ட் பேந்துருச்சு. நகப்பூச்சு வாங்கி அது மேல தடவி வெச்சேன்.”

இரண்டு நீலம். பிசுபிசுவென்று உருண்டு வந்த மேல் நீலம். அந்த நகப்பூச்சுக்காக நான் அவளை அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்.

“ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?”

என்ன செய்திருப்பேன் என்பது எங்கள் ஊருக்கே தெரியும்.

“நேத்து வந்து பாத்தா புதுப் பெயிண்ட். உன் நகத்துல நீலம். நீ கண்டுபிடிச்சுட்டேன்னு நினைச்சேன். ஆனா திட்டவே இல்ல. காலையிலகூடத் திட்டல. அதுதாம்மா எனக்குப் பயமாயிருச்சு. வழி முச்சூடும் அதையே நினைச்சுட்டு வந்தேன்.” குரல் உடைந்தது. “திட்டிரும்மா. சும்மா நிக்காத.”

வாயைத் திறந்தேன். வரவில்லை. அப்போதுதான் அந்த ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. வியாழக்கிழமையிலிருந்து கழற்றாத ஸ்வெட்டர். மலையிறக்கத்தில் இவ்வளவு தூரம் வந்து வேர்த்து வழிகிற பிள்ளை, அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கையைக் காட்டு” என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா.”

நானே இழுத்துக் கையை மேலே சுருட்டினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்து, கம்பளி நூல் ஒட்டி, சீழ் வைத்திருந்தது. மூன்று நாளாக என் வீட்டுக்குள்ளேயே நடமாடிய கை அது. சோறு போட்டபோது என் எதிரே நீண்ட கை. விரல் நீளத்துக் கோட்டைத் தேடி பூத்துப் போன என் கண், பெற்ற பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

“வலிக்குதா சாமி?”

“வலிக்குதும்மா” என்றாள். மூன்று நாள் அழுகையும் அப்போதுதான் வந்தது.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுமித்ராவின் அப்பா சைக்கிளைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அது விழாமல் ஒரு கல்லை எடுத்து வைத்தார். ஒன்றுக்கும் உதவாத சைக்கிளுக்கு அந்த மனுஷன் கல் வைத்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைத் திட்டினேன். மூன்று நாளாகப் பிள்ளை ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, அப்பன் என்று ஒருவர் இருந்து என்ன பிரயோஜனம் என்று திட்டினேன். பாலத்துக்குக் கட்டை கட்டியவனைத் திட்டினேன். சுமித்ராவைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு டீச்சரின் ஸ்கூட்டரில் அவளை நடுவில் உட்கார வைத்து ஏறுகிற வழியெல்லாம் நிறுத்தவில்லை.

முன்னால் டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த அவள் கை, வளைவுக்கு வளைவு தளர்ந்துகொண்டே வந்தது. செம்மேடு வருவதற்குள் என் மார்பில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.